கஞ்சிப்பாசி முதல் கல்ச்சர் தட்டு வரை: அகர் என்னும் கடற்பாசியின் பயன்கள்

“கல்ச்சர் ரிப்போர்ட் இன்னும் வரவில்லையா?”

நோயாளியின் உடனிருப்போர் செவிலியரிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. காய்ச்சல் தணியவில்லை. சிறுநீரோ, சளியோ, இரத்தமோ ஆய்வகத்திற்குச் சென்று ஒரு நாள் முழுதாகக் கழிந்துவிட்டது. இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சர்க்கரை அளவும் சில மணி நேரத்தில் கைக்கு வந்துவிடுகின்றன. இந்த ஒரு சோதனைக்கு மட்டும் “நாளை வரும்”, “நாளை மறுநாள் வரும்” என்றே விடை கிடைக்கிறது. காத்திருப்பவர்களுக்கு அந்த விடை சலிப்பையும் சில வேளைகளில் ஐயத்தையும் தருகிறது.

அந்த இரண்டு மூன்று நாள்களில் ஆய்வகத்தினுள் நடப்பதைப் பார்க்கும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிடைப்பதில்லை. உள்ளங்கை அளவேயான ஒரு வட்டத் தட்டு. அதில் சில மில்லிமீட்டர் கனத்தில் உறைந்திருக்கும் ஒரு கூழ்ப்படுகை. அதன் மேற்பரப்பில் நோயாளியின் உடலிலிருந்து வந்த கிருமிகள் மெல்ல வளர்ந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கூழை உறையவைக்கும் பொருள் நமக்குப் புதியதன்று. மளிகைக் கடையில் ‘கடற்பாசி’ என்றும் ‘சைனா கிராஸ்’ என்றும் கேட்டு வாங்கி, பாலிலோ இளநீரிலோ காய்ச்சி, துண்டு போட்டு உண்கிறோமே, அதுதான். அறிவியலாளர் அதை அகர் என்பர். மலாய் மொழியில் அகர் அகர்.

அடுக்களையிலும் ஆய்வகத்திலும் ஒருசேரப் பணிபுரியும் இப்பொருளின் இயல்பு என்ன, அது நோயாளிக்கு எவ்வாறு உதவுகிறது, எங்கே கவனம் தேவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கடலில் விளையும் முறை

பாசி என்ற சொல் குளத்துப் பச்சைப் படலத்தையும் குறிக்கும்; கடலடிப் பாறைகளில் புதர்போல் வளர்வனவற்றையும் குறிக்கும். கடலில் வளரும் பெரும்பாசிகளை நிறத்தைக் கொண்டு பச்சைப் பாசி, பழுப்புப் பாசி, செம்பாசி என மூன்றாகப் பிரிப்பர். அகர் கிடைப்பது செம்பாசிகளிலிருந்து. அப்பாசிகளின் செல் சுவரிலேயே இப்பொருள் இருக்கிறது. அலை அடித்தாலும் ஒடிந்துவிடாமல் வளைந்து கொடுக்கும் தன்மையை அது பாசிக்கு அளிக்கிறது.

இந்தியாவில் அகர் தரும் பாசிகளுக்குப் பெயர்பெற்ற இடம் மன்னார் வளைகுடா. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை மக்கள் இவற்றுக்குத் தாமே பெயர்கள் இட்டு வழங்குகின்றனர். கிராசிலேரியா எனப்படுவது அவர்களுக்குக் கஞ்சிப்பாசி. ஜெலிடியெல்லா எனப்படுவது மரிக்கொழுந்துப்பாசி. காய்ச்சினால் கஞ்சிபோல் குழைவதும், மரிக்கொழுந்து போன்ற தோற்றமும் இப்பெயர்களிலேயே விளங்குகின்றன. பாம்பன், மண்டபம் பகுதிப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறை இடுக்குகளிலிருந்து பாசியைக் கையால் பறித்து வருகின்றனர். பாறையும் பவளமும் கையைக் கிழிக்கும். அலை உடலைத் தள்ளும். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், இயற்கையைக் காக்கும் தேவைக்கும் தம் பிழைப்புக்கும் இடையே அப்பெண்கள் வழி தேடவேண்டியதாயிற்று. நோயாளியின் மேசைக்கு வரும் ஒரு கிண்ணக் கடற்பாசிக்குப் பின்னால் இத்தகைய உழைப்பு இருக்கிறது.

பறித்த பாசியைக் கழுவி, மணலும் சிப்பியும் நீக்கி, வெயிலில் உலர்த்துவர். பின்னர் அதை நீரில் நெடுநேரம் கொதிக்கவைத்தால் செல் சுவரிலுள்ள அகர் கரைந்து நீரில் இறங்கும். வடிகட்டிய சாறு ஆறியதும் உறையும். அதை உறைபனி நிலைக்குக் குளிர்வித்து மீண்டும் உருகவிட்டால், நீர் தனியே வடிந்து, அகர் மட்டும் வலைபோல் எஞ்சும். உலர்த்தியபின் அதுவே இழையாகவும் தகடாகவும் தூளாகவும் கடைக்கு வருகிறது.

உறையவைத்து உருக்கும் இம்முறை ஜப்பானில் தோன்றியது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில், கியோட்டோவை அடுத்த ஃபுஷிமியில் விடுதி நடத்திய மினோ தரோசயெமோன் என்பவர் விருந்துக்குப் பின் மிஞ்சிய பாசிக்கூழைக் குளிர்கால இரவில் வெளியே போட்டுவிட்டார் என்றும், அது இரவில் உறைந்து பகலில் உருகிப் பல நாள்கள் கழித்து வெண்ணிறச் சருகாகக் கிடந்தது என்றும், அதை நீரிலிட்டுக் காய்ச்சியபோது முன்னிலும் தெளிவான கூழ் கிடைத்தது என்றும் அந்நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

உறைவதன் இரகசியம்

அகர் ஒரு சர்க்கரைச் சங்கிலி. ஆனால் நாவுக்கு இனிக்காது. காலக்டோஸ் என்னும் சர்க்கரையின் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட இழை அது. கொதிநீரில் இவ்விழைகள் தனித்தனியே மிதக்கும். நீர் ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, முறுக்குகள் ஒன்றையொன்று பற்றி, ஒரு வலையாக மாறும். அவ்வலையின் கண்களில் நீர் சிக்கிக்கொள்கிறது. நூறு பங்கு நீருக்கு ஒரு பங்கு அகர் இருந்தாலே உறுதியான கூழ் கிடைத்துவிடும். ஆகவே நாம் துண்டு போட்டு உண்ணும் கடற்பாசியில் பெரும்பகுதி நீரே என்பதை மறவாதிருப்போம். இவ்வுண்மை பின்னால் தேவைப்படும்.

அகரின் தனிச்சிறப்பு, அது உறையும் வெப்பநிலையும் உருகும் வெப்பநிலையும் வெகுதொலைவில் இருப்பதே. ஏறத்தாழ 32 முதல் 40 டிகிரி செல்சியசுக்குள் அது உறையும்; ஆனால் உறைந்ததை மீண்டும் உருக்க ஏறத்தாழ 85 டிகிரி வெப்பம் வேண்டும். நம் ஊர் வெயிலிலும், காய்ச்சல் கண்ட உடலின் சூட்டிலும் அது உருகாது. விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினோ நம் உடற்சூட்டிலேயே உருகிவிடும். வாயிலிட்டதும் கரைவது ஜெலட்டின்; மென்றால்தான் உடைவது அகர். இந்த ஒரு வேறுபாடே மருத்துவ வரலாற்றில் பெரும் திருப்பத்தை உண்டாக்கியது.

ஓர் இல்லத்தரசியின் யோசனை

1881. ஜெர்மனியின் பெர்லினில் இராபர்ட் கோக் நடத்திய ஆய்வகத்தில் வால்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் பணியாற்றினார். ஒவ்வொரு நோய்க்கும் எந்தக் கிருமி காரணம் என்று கண்டறிய வேண்டுமானால், அக்கிருமியை மற்றவற்றினின்று பிரித்துத் தனியே வளர்க்க வேண்டும். திரவத்தில் வளர்த்தால் எல்லாம் கலந்துவிடும். எனவே ஜெலட்டினால் உறையவைத்த ஊட்டக்கூழின் மேல் வளர்த்துப் பார்த்தனர். அங்கே இரண்டு இடையூறுகள் எழுந்தன. மனித உடலைத் தாக்கும் கிருமிகள் 37 டிகிரிச் சூட்டில் நன்கு வளரும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் உருகிவிடும். மேலும், சில கிருமிகள் ஜெலட்டினையே செரித்து நீராக்கிவிடும்.

ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, கணவரின் ஆய்வுகளுக்கு உதவியாளராகவும் ஓவியராகவும் துணைநின்றவர், அமெரிக்காவில் பிறந்தவர். கோடையிலும் உருகாத பழக்கூழ்களை அவர் வீட்டில் செய்வது வழக்கம். அதன் மருமம் என்னவென்று கணவர் வினவ, அகரே காரணம் என்றார் ஃபேனி. ஜாவாத் தீவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு டச்சுக் குடும்பத்தாரிடமிருந்து இளமையில் கற்ற பக்குவம் அது. ஆசியக் கடற்கரைகளின் சமையலறிவு அவ்வழியாக ஐரோப்பிய ஆய்வகத்தினுள் நுழைந்தது.

அகர் 37 டிகிரியில் உருகவில்லை. பெரும்பாலான கிருமிகளால் அதைச் செரிக்கவும் இயலவில்லை. கண்ணாடிபோல் தெளிவாக இருந்ததால் மேலே வளர்வது நன்கு தெரிந்தது. 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததைப் பற்றிக் கோக் வெளியிட்ட கட்டுரையில் அகரைப் பயன்படுத்தியமை சுருக்கமாகக் குறிக்கப்பட்டது. ஃபேனியின் பெயரோ அவர் கணவரின் பெயரோ அதில் இடம்பெறவில்லை. 1887இல் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஜூலியஸ் பெட்ரி, மூடியுடன் கூடிய வட்டத் தட்டை அறிமுகப்படுத்தினார். பெட்ரியின் தட்டும் ஃபேனியின் அகரும் சேர்ந்த அந்த அமைப்பே இன்றும் உலகெங்கும் மருத்துவ ஆய்வகங்களில் வழங்கிவருகிறது.

காத்திருக்கும் நாள்களில் நடப்பது என்ன?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம்.

நோயாளியிடமிருந்து பெற்ற மாதிரியில் ஒரு துளியை எடுத்து, அகர் தட்டின் மேல் மெல்லிய கம்பியால் கோடுகளாக இழுப்பர். ஒவ்வொரு கோட்டிலும் கிருமிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே சென்று, இறுதியில் ஒவ்வொரு கிருமியும் தனித்தனியே வீழ்ந்திருக்கும். தட்டினை 35 முதல் 37 டிகிரி வெப்பமுள்ள பெட்டியில் ஓர் இரவு வைத்திருப்பர். ஒற்றைக் கிருமி இரண்டாகி, நான்காகி, கோடிக்கணக்கில் பெருகியபின் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகிறது. இதற்கே முதல் நாள் கழிந்துவிடும்.

இரண்டாம் நாள், அப்புள்ளி எந்த இனக் கிருமியுடையது என்று கண்டறிவர். அடுத்து வருவது நோயாளிக்கு மிக இன்றியமையாத கேள்வி: இக்கிருமியை எந்த மருந்து அழிக்கும்? இதற்காகப் பல ஆய்வகங்களில் கிருமியை மற்றோர் அகர் தட்டு முழுவதும் பரப்பி, வெவ்வேறு ஆன்டிபயாடிக் மருந்துகளில் தோய்த்த சிறு வட்டத் தாள்களை அதன் மேல் வைப்பர். மருந்து தாளிலிருந்து அகருக்குள் ஊறிப் பரவும். வேலை செய்யும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு தெளிந்த வளையம் தோன்றும். வேலை செய்யாத மருந்தின் ஓரம்வரை கிருமி வளர்ந்து நிற்கும். அந்த வளையத்தின் விட்டத்தை அளந்தே முடிவு சொல்லப்படுகிறது. இதற்கு இன்னும் ஒரு நாள். சில ஆய்வகங்களில் இதே வேலையை விரைவாகச் செய்யும் தானியங்கிக் கருவிகளும் உண்டு. எனினும் தனித்தெடுத்த கிருமி முதலில் அகர் தட்டில் வளர்ந்தாக வேண்டும்.

இரத்தத்தில் கிருமிகள் மிகச் சிலவாகவே இருக்கும் என்பதால், அதை முதலில் ஊட்டநீர் நிறைந்த குப்பியில் வளரவிட்டு, பின்னரே தட்டுக்கு மாற்றுவர். பூஞ்சைகள் மெதுவாக வளர்வன. காசநோய்க் கிருமி அதனினும் மெதுவானது. வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே தாமதம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் கிருமி வளர எடுத்துக்கொள்ளும் காலமே.

இக்காலத்தில் மருத்துவர் வாளாவிருப்பதில்லை. அறிகுறிகளைக் கொண்டு பொருத்தமான மருந்தைத் தொடங்கியிருப்பார். முடிவு வந்ததும் அதை மாற்றவோ, குறைக்கவோ, நிறுத்தவோ நேரலாம். “நேற்று ஒரு மருந்து, இன்று வேறு மருந்தா?” என்று கலங்க வேண்டாம். தட்டு சொன்ன சேதியைக் கேட்டு நடப்பதே அது.

குடும்பத்தினரின் பங்கும் இதில் உண்டு. கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் தரும்போது, கழுவித் துடைத்தபின், தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். சளி கேட்கும்போது எச்சில் போதாது; ஆழ இருமி வெளிப்படுவதே வேண்டும். தந்த குப்பியின் உட்புறத்தைத் தொடலாகாது. மாதிரியைத் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். முன்னரே ஏதேனும் ஆன்டிபயாடிக் உட்கொண்டிருந்தால் தவறாது சொல்ல வேண்டும். மருந்து உடலில் இருக்கும்போது கிருமி தட்டில் வளராமல் போய், முடிவு பிழைபடக்கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய இரண்டு மாத்திரைகளும் இக்கணக்கில் அடங்கும்.

அடுக்களையில் அகர்

ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு வருவோம். நோன்பு திறக்கும் மாலைகளில் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் கடற்பாசிக்குத் தனி இடம் உண்டு. மரக்கறி உண்போர்க்கு ஜெலட்டினுக்கு ஏற்ற மாற்றாகவும் அது அமைகிறது. வாய்க்கு எதுவும் பிடிக்காத நோயாளிக்கு, குளிர்ந்த வழுவழுப்பான ஒரு துண்டு சில வேளைகளில் மனத்துக்கும் இதமாக இருக்கும்.

தூளாக இருந்தால் 250 மில்லிலிட்டர் திரவத்துக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 2 கிராம் போதும். இழையாக இருந்தால் 10 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். இழையை அரைமணி நேரமேனும் ஊறவைக்க வேண்டும். முதலில் நீரில் மட்டும் கொதிக்கவிட்டு, ஒரு துகளும் மிஞ்சாமல் கரைந்தபின்னரே பாலைச் சேர்க்க வேண்டும். பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் அங்கங்கே திரண்டுவிடும். எலுமிச்சை போன்ற புளிப்புச் சாறுகளை அடுப்பை அணைத்தபின் சேர்க்க வேண்டும். புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் அகரின் உறையும் ஆற்றல் குன்றும். குளிர்பெட்டி இல்லாவிடினும் அறையின் வெப்பத்திலேயே உறைந்துவிடும். ஆயினும் பால் சேர்த்ததை வெளியே நெடுநேரம் வைக்கலாகாது.

கடற்பாசியைப் பற்றி வழங்கும் சில நம்பிக்கைகளையும் அளந்து பார்ப்பது நலம். அகரின் பெரும்பகுதி நார்ச்சத்து என்பது மெய். நம் குடல் அதைச் செரிப்பதில்லை. ஆனால் ஒரு கிண்ணத்தில் இருக்கும் அகரே 2 கிராம்தான். மலச்சிக்கலுக்கு அதையே நம்பியிராமல் கீரை, காய்கறி, பயறு, போதிய நீர் ஆகியவற்றை நாடுவதே தக்கது. அகரில் புரதம் இல்லையென்றே கொள்ளலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல் தேறவேண்டியவர்க்கு அது உணவுக்கு மாற்றாகாது. எந்த நோயையும் அது தனியே தீர்ப்பதில்லை.

யார் யார் கவனமாக இருக்க வேண்டும்?

விழுங்குவதில் இடர் உள்ளோர். பக்கவாதத்திற்குப் பின்னரும், நடுக்குவாதம், மறதிநோய் போன்றவற்றிலும் விழுங்கும் தசைகள் தளர்ந்துபோவதுண்டு. நீர் விரைந்தோடி மூச்சுக்குழலில் புகுந்துவிடும் என்பதால், அத்தகையோர்க்குக் குடிநீரையும் கெட்டியாக்கித் தருமாறு பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் சொல்வதுண்டு. “கெட்டியாக்குவதுதானே, கடற்பாசி போட்டால் என்ன?” என்று அன்பினால் சிலர் எண்ணக்கூடும். இது இடர் தரும் எண்ணம். அகர் நீரைக் குழைவாகத் தடிப்பாக்குவதில்லை; துண்டாக உறையவைக்கிறது. அத்துண்டு வாயில் உருகாது. சரியாக மெல்லாவிட்டால் வழுக்கித் தொண்டையை அடைக்கலாம். உடையும்போது அதிலிருந்து நீரும் கசியும். மருத்துவமனை பரிந்துரைத்த தடிப்பூட்டும் தூளை, பரிந்துரைத்த அளவிலேயே கலந்து கொடுங்கள். உண்ணும்போது இருமல், உண்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தல், அடிக்கடி சளிக்காய்ச்சல் ஆகியவை தோன்றினால் உடனே தெரிவியுங்கள்.

சிறு குழந்தைகளுக்கும் முழுத் துண்டாகத் தரலாகாது. சிறிதாக நறுக்கி, உட்காரவைத்து, அருகிலிருந்து ஊட்ட வேண்டும்.

சிறுநீரக நோயாளிகள். நாள்தோறும் இவ்வளவு நீர்தான் என்று அளவு வகுக்கப்பட்டோர்க்கு, கடற்பாசியும் நீர்க்கணக்கில் சேரும். 200 மில்லிலிட்டர் நீரில் செய்த கூழை உண்டால் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் நீர் அருந்தியதாகவே கொள்ள வேண்டும். துண்டாக இருப்பதால் அது நீரில்லை என்று கண் நம்மை ஏமாற்றும். இன்னொன்றும் உண்டு: இளநீரில் பொட்டாசியம் மிகுதி. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இளநீர்க் கடற்பாசியை மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது.

நீரிழிவு உடையோர். அகர் தானாகச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. அதில் கலக்கும் சீனியும் ரோஸ் சர்பத்தும் ஏற்றும். வெல்லமும் தேனும்கூட இதில் விதிவிலக்கல்ல.

தைராய்டு மருந்து உண்போர். கடற்பாசி உணவுகளில் அயோடின் அளவு வகைக்கேற்ப வெகுவாக மாறும். நாள்தோறும் உண்ண விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

குடல் அடைப்பு வந்தவர்களும், குடலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் இசைவைப் பெற்றபின்னரே உண்ண வேண்டும். எவராயினும் உலர்ந்த தூளையோ இழையையோ அப்படியே விழுங்கலாகாது. அது ஈரத்தை உறிஞ்சித் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ குடலிலோ பருத்து அடைத்துக்கொள்ளும். பசியடக்கி எடையைக் குறைக்கலாம் என்று கேள்விப்பட்டு இவ்வாறு முயல்வோர்க்கு இவ்வெச்சரிக்கை சிறப்பாகப் பொருந்தும்.

அகரின் உறவினர்கள்

பழுப்புப் பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் என்னும் பொருள் கிடைக்கிறது. நம் கடற்கரையில் கட்டக்கோரை எனப்படும் பாசி அதற்கு மூலம். நீர் மிகுதியாகக் கசியும் புண்களுக்கு இடப்படும் சில வெண்பஞ்சுக் கட்டுகள் கால்சியம் ஆல்ஜினேட்டால் ஆனவை. அவை கசிவை உறிஞ்சிக்கொண்டு வழுவழுப்பான கூழாக மாறிப் புண்ணின் மேல் படியும். கட்டினை அவிழ்க்கும்போது தெரியும் அந்தக் கூழைக் கண்டு சீழ் என்று அஞ்சிவிட வேண்டாம். ஐயமிருந்தால் செவிலியரிடம் காட்டுங்கள். காய்ந்த புண்ணுக்கு இக்கட்டு ஏற்றதன்று. ஆகவே ஒருவருக்கு இட்டதை மற்றவருக்கு வாங்கிப் போடலாகாது. பல் மருத்துவர் வாயில் வைத்து அச்செடுக்கும் குழைவும், நெஞ்செரிச்சலுக்குத் தரப்படும் சில நீர்ம மருந்துகளும் ஆல்ஜினேட்டைக் கொண்டவையே. அம்மருந்து இரைப்பையில் ஒரு தெப்பம்போல் மிதந்து, அமிலம் மேலேறாமல் தடுக்கிறது.

செம்பாசிகளுள் வேறு சில காரஜீனன் என்ற பொருளைத் தருகின்றன. பனிக்கூழும் சாக்லேட் பாலும் திரியாமல் குழைவாக இருக்க அது பயன்படுகிறது. மூங்கில் தெப்பங்களில் கயிறு கட்டி அதற்குரிய பாசியை வளர்க்கும் தொழில் இராமநாதபுரம் கடலோரத்தில் நடைபெற்றுவருகிறது. அகரிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மை செய்யப்படும் அகரோஸ், மரபணு இழைகளை அளவுவாரியாகப் பிரித்துக் காணும் சோதனைகளில் உதவுகிறது.

நினைவில் நிறுத்த

கல்ச்சர் முடிவு வரும்வரை, தொடங்கிய மருந்தை நேரம் தவறாது கொடுங்கள்; காய்ச்சல் விட்டதென்று இடையில் நிறுத்தாதீர்கள். முடிவுத் தாள் கைக்கு வந்ததும் அதைக் கோப்பில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை நோய் கண்டால் எந்த மருந்து உதவியது, எது உதவவில்லை என்பதை அத்தாளே மருத்துவருக்குச் சொல்லும்.

நோயாளிக்குக் கடற்பாசி செய்து தர விரும்பினால், மூன்றே கேள்விகளை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அவரால் மென்று விழுங்க முடியுமா? நீர் அளவு உண்டா? எதில் செய்கிறேன், எவ்வளவு இனிப்புச் சேர்க்கிறேன்? மூன்றில் ஒன்றுக்கேனும் விடை தெரியாவிடில், அடுத்த சுற்றுக்கு வரும் மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த முறை “நாளை வரும்” என்ற விடையைக் கேட்கும்போது, உள்ளே ஒரு வட்டத் தட்டில் உங்கள் உறவினருக்கு உரிய மருந்தைத் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.